சோகை தெரியும்தானே?

கரும்பு வெட்டுக் காலத்தில் நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டிப் பக்கம் போனால் காதில் விழுகிற சொற்களில் பாதிக்குமேல் நாம் பிறந்ததிலிருந்து கேட்டவை. சோகை, பார், கட்டை, தூர். அண்ணாகிராமம் ஒன்றியத்து வயல்களில் நிற்கிற யாருக்கும் இவற்றில் ஐயம் கிடையாது. சென்னையிலிருந்து போகிற நமக்கும் கிடையாது. சிக்கலே அதுதான்.

சோகை என்றால் நமக்கு ரத்தம் குறைந்து முகம் வெளுப்பது. அவர்களுக்கு அது கரும்பின் காய்ந்த தோகை. ஐந்தாம் மாதத்தில் ஒரு தடவையும் ஏழாம் மாதத்தில் ஒரு தடவையும் ஆள்விட்டு உரிக்க வேண்டிய தொல்லை. பார் என்றால் நாம் திரும்பிப் பார்ப்போம், அல்லது மதுக்கடையை நினைப்போம். அங்கே அது கரும்பு நடுவதற்காக மண்ணை அணைத்து எழுப்பிய மேடு. கட்டை என்பது விறகல்ல. கரும்பை வெட்டிய பிறகு மண்ணில் விட்டுவைக்கும் அடித்தூர். அதிலிருந்து மறுபடி துளிர்த்து வருவது கட்டைக் கரும்பு. வேளாண்மைத் துறைத் துண்டறிக்கைகளில் அதையே மறுதாம்பு என்று அச்சிடுவார்கள்.

மறுதாம்பு என்று கேட்டால் நாம் நின்று, “அப்படின்னா என்னங்க?” என்று கேட்டுவிடுவோம். சோகைக்கு அப்படிக் கேட்கமாட்டோம். தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். முழுக்கத் தெரியாத சொல் நம்மை நிறுத்துகிறது. பாதி தெரிந்த சொல்தான் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது.

ஒரு விளையாட்டு விளையாடலாம். கீழே ஐந்து சொற்கள். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, தெரியும் அல்லது தெரியாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இறவாரம், குடிவாரம், நெறுவாரம், கவ்வை, மூசு.

இறவாரம் கூரையின் சாய்ந்த விளிம்பு, மழைத்தண்ணீர் சொட்டுகிற இடம். குடிவாரம் விளைச்சலில் பயிரிட்டவருக்குச் சேரும் பங்கு. நிலத்துக்காரர் பங்கு மேல்வாரம். கவ்வை எள்ளின் இளங்காய். மூசு பலாப்பிஞ்சு. நெறுவாரம்? அது சொல்லே இல்லை. இந்தக் கட்டுரைக்காக ஒட்டவைத்த வெறும் ஓசை. ஆனால் குடிவாரத்துக்கு அடுத்து வந்ததாலேயே அதுவும் ஏதோ ஒரு பங்குக் கணக்காக இருக்கும் என்று சிலருக்காவது தோன்றியிருக்கும். ‘வாரம்’ என்ற வால் தெரிந்ததாக இருந்தது. தலையை யாரும் பார்க்கவில்லை.

மொழியறிவை அளக்கிறவர்கள் இந்தத் தந்திரத்தை நெடுநாளாகவே கையாளுகிறார்கள். சொல்லைக் காட்டித் தெரியுமா என்று மட்டும் கேட்டால், ஆள்கள் தாராளமாகத் ‘தெரியும்’ போடுகிறார்கள். அதனால் நடுநடுவே இல்லாத சொற்களைத் தூவுவது. பொய்ச் சொல்லுக்கும் ‘தெரியும்’ போட்டவர்களின் மற்ற ‘தெரியும்’களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கணக்கில் எடுப்பது. பிரிட்டனின் பால் மீரா 1987-இல் அயல்மொழி மாணவர்களுக்கு இப்படி ஒரு தேர்வு முறையை வகுத்தார். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் பிரிஸ்பார்ட் குழுவினர் இதே வழியை இணையத்துக்குக் கொண்டுபோய் லட்சக்கணக்கானோரைச் சோதித்தார்கள். 2016-இல் அவர்கள் வெளியிட்ட மதிப்பீடு: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருபது வயது அமெரிக்கருக்குச் சராசரியாக 42,000 சொற்கள் தெரியும். அறுபது வயதில் அது 48,000-ஐத் தாண்டும்.

எண்ணைக் கேட்டு வாய் பிளப்பதற்கு முன் அவர்களே சொல்லியிருக்கும் எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். இங்கே தெரியும் என்பதன் ஆழம் மிகக் குறைவாகக்கூட இருக்கலாம். அப்படி ஒரு சொல் இருக்கிறது என்று தெரிந்தாலே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அந்த அளவுகோலில் சோகையும் பாரும் நமக்குத் தெரிந்த சொற்கள்தான்.

இதைவிடக் கூர்மையானது 2015-இல் ஸ்டாவ் அட்டிர், எமிலி ரோசன்ஸ்வைக், டேவிட் டன்னிங் மூவரும் வெளியிட்ட ஆய்வு. பணம், முதலீடு பற்றிய சொற்களைக் கொடுத்து எவ்வளவு தெரியும் என்று கேட்டார்கள். சில சொற்கள் அவர்களே இட்டுக்கட்டியவை. தமக்கு இந்தத் துறை நன்றாகத் தெரியும் என்று முன்பே சொன்னவர்கள்தான் அந்தப் பொய்ச் சொற்களையும் அதிகமாகத் தெரியும் என்றார்கள். சில சொற்கள் பொய் என்று முன்கூட்டியே எச்சரித்தும் இந்தப் போக்கு மாறவில்லை. இன்னொரு சோதனையில், சிலருக்கு மட்டும் எளிதான புவியியல் வினாக்களைக் கொடுத்து, நாம் கெட்டிக்காரர்கள் என்று நினைக்கவைத்தார்கள். அவர்கள் வரைபடத்திலேயே இல்லாத ஊர்களைத் தெரியும் என்று சொல்வது கூடிவிட்டது.

எனக்கு இதைப் படித்தபோது நம் பள்ளிக்கூடத் தமிழ்தான் நினைவுக்கு வந்தது. செய்யுளுக்குக் கீழே ‘அருஞ்சொற்பொருள்’. ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல். கோனார் உரையைப் புரட்டாமல் பத்தாம் வகுப்பைத் தாண்டிய தலைமுறை குறைவு. புரவி என்றால் குதிரை, புனல் என்றால் நீர் என்று ஒப்பித்தால் மதிப்பெண். திண்ணைப் பள்ளிக் காலத்தில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்ததும் இதே வழிதான், பாட்டு வடிவத்தில். நினைவாற்றலுக்கு அதைப்போல் பயிற்சி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லுக்குச் சொல் வைத்துப் பழகியவருக்கு, பொருளைக் கையில் எடுத்துக் கொடுத்தால் எந்தச் சொல் என்று திகைப்பு வருகிறது.

பூவின் ஏழு பருவங்கள் பற்றிய பட்டியலை வாட்ஸ்அப்பில் பெறாத தமிழர் இருக்க முடியாது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். அனுப்புகிறவரிடம் ஒரு முழம் மல்லிகைச் சரத்தைக் கொடுத்து, இதில் முகை எது, மொட்டு எது என்று காட்டச் சொன்னால் பெரும்பாலும் விஷயம் சிரிப்பில் முடியும். பட்டியல் பொய்யல்ல. அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருப்பதால் அந்தச் சொற்கள் நம்மிடம் இருப்பதாக நினைப்பதுதான் பொய்.

இந்த வகைப் பட்டியல்களைப் பெரிய அளவில் தொகுத்தவர் தேவநேயப் பாவாணர். 1956 முதல் 1961 வரை அவர் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, தென்னையிலும் பனையிலும் குரும்பை, வாழையில் கச்சல், எள்ளில் கவ்வை. இலை வகையிலும் அப்படியே. நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை. காய்ந்தால் சண்டு, சருகு. நுண்ணிய வேறுபாட்டுக்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி என்று காட்டுவதே அவர் நோக்கம். 1974-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநர் ஆனார். 1981-இல் மறைந்தார். பெரும்பகுதி வேலை அவருக்குப் பிறகு நடந்தது. அவருடைய வேர்ச்சொல் முடிவுகள் எல்லாவற்றையும் மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. அது தனிக் கதை. ஆனால் இந்தப் பட்டியல்களை அவர் சேர்த்த விதம் கவனிக்கத்தக்கது. வயலிலும் தோப்பிலும் புழங்கிய சொல்லை அங்கிருந்து எடுத்தார். நாம் அவர் புத்தகத்திலிருந்து எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டோம். வயலுக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

வயலுக்குப் போனால் கதை வேறு. பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரத்தில் “கொல்லைக்குப் போறேன்” என்று ஒருவர் சொன்னால் அவர் மானாவாரி நிலத்துக்குப் போகிறார். முந்திரிக் கொல்லை, மல்லாட்டைக் கொல்லை. தஞ்சாவூர்க்காரருக்குக் கொல்லை வீட்டின் பின்புறம். வேறு சில ஊர்களில் அதே வாக்கியத்தைச் சொன்னால் கையில் செம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று பேருக்கும் கொல்லை தெரியும். மூன்று பேரும் ஒருவரையொருவர் பொருள் கேட்கப்போவதில்லை. மல்லாட்டை என்பது நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்பதை வாய் தேய்த்துத் தேய்த்து வந்தது. கடல் கடந்து வந்த பயிர் ஊர்ப் பெயரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. இதையும் நகரத்து ஆள் கேட்டுவிடுவார், ஏனென்றால் புதுசு. கொல்லைதான் தப்பித்துவிடும்.

சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடைப்பட்ட இந்த நிலத்துக்கு நடுநாடு என்று பெயர். பழைய வழக்கில் திருமுனைப்பாடி நாடு. இதன் பேச்சுக்கு ஒரு தனி அகராதி செய்தவர் எழுத்தாளர் கண்மணி குணசேகரன். விருத்தாசலத்தை ஒட்டிய மணக்கொல்லை அவருடைய ஊர். ஊர்ப் பெயரிலேயே கொல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே ‘அஞ்சலை’ போன்ற நாவல்களை எழுதியவர், 2007-இல் நடுநாட்டுச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். கரிசல் நிலத்துக்குக் கி. ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் செய்த வேலைக்கு நடுநாட்டில் இது இணை.

வட்டார அகராதி என்றால் விசித்திரச் சொற்களின் காட்சிச்சாலை என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. அதைக் கையில் எடுத்தால் சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் கேட்டேயிராத சொல்லைவிட, தினமும் சொல்லிக்கொண்டிருந்த சொல்லுக்குப் பக்கத்து மாவட்டத்தில் வேறு பொருள் என்று காணும்போதுதான் தூக்கிவாரிப்போடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குக்கூடச் சொற்கள் பிடிபடாமல் நழுவிய அனுபவம் உண்டு. வின்சுலோ 1862-இல் வெளியிட்ட அகராதியில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள். அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு 1913-இல் பேரகராதி வேலை தொடங்கியது. சாண்ட்லர் என்ற பாதிரியார் முதல் பதிப்பாசிரியர். கடைசிப் பத்தாண்டு எஸ். வையாபுரிப் பிள்ளை. 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகள், ஒரு லட்சத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். முடிந்தது என்று நிமிர்ந்தால், விட்டுப்போனவை 13,000-க்கு மேல். அவற்றுக்கென்று தனியாக ஓர் அனுபந்தம் போட வேண்டியிருந்தது. இருபத்தைந்து ஆண்டு தமிழ்ச் சொல்லைத் தவிர வேறெதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்த புலவர் கூட்டத்துக்கே இது நிலைமை. தற்காலத் தமிழுக்கு மட்டும் அகராதி செய்யப் புகுந்த க்ரியா ராமகிருஷ்ணனும் 1992-இல் வெளியிட்டதை 2008, 2020 என்று இரண்டு முறை திருத்திப் பதிப்பிக்க வேண்டியிருந்தது.

சொல்லறிவில் சறுக்கியவர்கள் என்று பட்டியல் போட்டால் பெரியவர்களும் அதில் வருவார்கள். உ.வே. சாமிநாதையர் 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த கதை தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். தான் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் அடுக்க, அவர் அசையாமல் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட கதை. அவ்வளவோடு நிறுத்திவிடுகிறோம். அதற்கு அடுத்த பகுதிதான் நம் பேச்சுக்கு வேண்டியது. சுவடி கிடைத்தது, நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. சொற்கள் தமிழ். ஆனால் சமண சமயத்தின் வழக்கு தெரியாமல் பல இடங்கள் நகரவில்லை. கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் உட்கார்ந்தார். விழுப்புரத்துப் பக்கத்து வீடூரைச் சேர்ந்த அப்பாசாமி நயினார் போன்றவர்களிடம் கேட்டார். அவர்களில் பலர் அவரைப்போல் இலக்கணம் கற்றவர்கள் அல்லர். வாழ்க்கையில் புழங்குவதால் பொருள் அறிந்தவர்கள். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தபோது அந்தக் கேள்விகளின் பலனும் அதில் இருந்தது.

சிதம்பரத்தில் இன்னொரு கதை வழங்குகிறது, இது வரலாறு அல்ல, மரபு. மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல இறைவனே ஓலையில் எழுதித் தில்லைக் கோயில் படியில் வைத்துவிட்டுப் போனார். ஓலையைக் கண்ட தில்லைவாழ் அந்தணர்கள் பாடியவரிடமே வந்து, இதற்குப் பொருள் என்ன என்று கேட்டார்கள். அவர் கூத்தப்பெருமானைச் சுட்டி, இவனே பொருள் என்று சொல்லிக் கலந்துவிட்டார். பக்தர்களுக்கு அவர் சொன்ன விடை முக்கியம். எனக்கு அவர்கள் கேட்ட கேள்வி முக்கியம். படித்தவர்கள். வாசித்தால் புரிகிற தமிழ். ஆனாலும் வெட்கப்படாமல் கேட்டார்கள்.

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைக்குப் போகிறவர்களில், அப்பரின் சூலை நோய் தீர்ந்த தலம் என்று சொல்லாதவர் இல்லை. சூலை என்றால்? “வயித்து வலிங்க.” சித்த மருத்துவரைக் கேட்டால் சூலை ஒரு நோயின் பெயர் அல்ல, பலவகை வலிகளுக்கான தொகுதிப் பெயர் என்று தொடங்கி நெடுநேரம் பேசுவார். பதிகம் பாட அது தேவையில்லைதான்.

இதுவரை படித்தவர்களுக்கு, உழவர் எல்லாம் அறிந்தவர், படித்தவர் ஏமாளி என்று ஒரு முடிவு உருவாகியிருக்கும். அதை உடைத்துவிடுவது நல்லது. அதே வயல் வரப்பில் நின்று “ரெண்டு மூட்டை டிஏபி போட்டேன்” என்று சொல்கிறவரிடம், மூட்டையில் 18, 46 என்று அச்சிட்டிருப்பது என்ன என்று கேட்டால் எல்லாரிடமும் விடை வராது. 18 விழுக்காடு தழைச்சத்து, 46 விழுக்காடு மணிச்சத்து. சாம்பல் சத்து அறவே கிடையாது. அதைத் தனியாகப் போட வேண்டும். எல்லாச் சத்தும் டிஏபியில் இருப்பதாக நினைத்துப் போடுகிறவர்கள் உண்டு. கோசி 671 என்பது நாடு முழுக்கப் பேர்வாங்கிய கரும்பு ரகம். அதிலுள்ள ‘சி’ கடலூரின் முதலெழுத்து, கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதற்கான அடையாளம் என்பது கடலூர் மாவட்டத்திலேயே பலருக்குச் செய்தி. பலாவிலும் கத்தரியிலும் பி.எல்.ஆர். என்று வருவது இதே வட்டாரத்துப் பாலூரைக் குறிக்கிறது.

வருவாய்த் துறைச் சொற்களில் இந்தக் குழப்பம் இன்னும் அழகாக இருக்கும். ஜமாபந்தி என்றால் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கிற நாள் என்பதே ஊரின் பொருள். உண்மையில் அது கிராமக் கணக்குகளை ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்வது. அரசு அதற்கு வருவாய்த் தீர்வாயம் என்று பெயர் வைத்திருக்கிறது. மனு வாங்குவது கூடவே நடப்பது. தீர்வை ரசீதில் பசலி 1434 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான ஆண்டு அது. ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி. ‘பட்டா சிட்டா அடங்கல்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோம், மூன்றும் ஒரே தாள் என்பதுபோல. பட்டா நிலம் யார் பெயரில் என்பதற்கு. சிட்டா ஒருவர் பெயரில் எவ்வளவு நிலம், நன்செயா புன்செயா என்பதற்கு. அடங்கல் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பதற்கு. பயிர்க் கடனுக்குப் போகும்போது அடங்கல் கேட்டால் பட்டா நகலை நீட்டிவிட்டு, “எல்லாம் ஒண்ணுதான சார்” என்று நிற்பவர்களை எந்தக் கூட்டுறவுச் சங்கத்திலும் பார்க்கலாம்.

காணி என்ற சொல்லையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். பாரதியின் பாட்டால் தமிழகம் முழுக்கப் பழகிய சொல். ஒரு காணி என்றால் சிறு மனை என்று நகரத்தில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வட்டாரத்துக் கணக்கில் அது ஓர் ஏக்கர் 32 சென்ட். பராசக்தியிடம் பாரதி கேட்டது அப்படியொன்றும் சின்னத் தொகை அல்ல.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்புகள். சிரிக்க முடியாதவை சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கின்றன. கிரயப் பத்திரத்தை எழுத்தர் வேகமாக வாசித்துக் காட்டுவார். சர்வ சுதந்திர பாத்தியம், தானாதி விநிமய விக்கிரயம், சுவாதீனம், பராதீனம், வில்லங்கம். ஓசை பழகியது. யாரும் நிறுத்துவதில்லை. விநிமயம் என்றால் பண்டமாற்று, விக்கிரயம் என்றால் விற்பனை என்பது தெரியாவிட்டாலும் பெரிய கேடு இல்லை. சுவாதீனம் அப்படியல்ல. “என் சுவாதீனத்தில் இருக்கு” என்பதை ‘என்னுடையது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கைவசம் இருப்பதைத்தான் சொல்கிறது, உரிமை வேறு. இடத்தில் முப்பது வருஷம் பயிரிட்டவருக்கும் அந்தச் சொல் பொருந்தும், பத்திரம் பக்கத்து ஊர்க்காரர் பீரோவில் இருந்தாலும்.

‘பவர்’ இன்னும் மோசம். “பவர் எழுதி வாங்கிட்டேன்” என்று சொல்கிறவர் இடத்தையே வாங்கிவிட்டதாக நம்புகிறார். பொது அதிகாரப் பத்திரம் என்பது இன்னொருவருக்காகச் செயல்பட அனுமதி. அவ்வளவுதான். அதை வைத்து விற்பனை நடந்ததாகச் சொல்ல முடியாது, உரிமை மாறாது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒற்றை ஆங்கிலச் சொல், தமிழ்நாடு முழுக்கப் புழங்குகிற சொல். அதில் ‘அதிகாரம்’ என்ற பொருள் தெரிந்திருப்பதால்தான் ஆளே கவிழ்கிறார். தெரியாத வடமொழிச் சொல்லாக இருந்திருந்தால் வக்கீலைக் கேட்டிருப்பார்.

2002-இல் யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் இருவரும் செய்த சோதனை இந்த இடத்துக்குப் பொருந்தும். ஜிப், கழிப்பறைத் தொட்டி மாதிரி அன்றாடப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று எந்த அளவு தெரியும் என ஆள்களையே மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதியபின் மறுபடி மதிப்பெண் கேட்டால், பெரும்பாலோர் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் திருத்தவில்லை. வாய்விட்டு விளக்க முயன்றதே போதுமானதாக இருந்தது.

நாம் எல்லாரும் அறிந்த ஒரு சொல்லில் இதைச் செய்து பார்க்கலாம். வட்டி. ஊரில் “ரெண்டு வட்டி” என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24. இதில் ஏமாற்று இல்லை, கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரே பொருள். கடன் நிறுவனத்தார் வந்து “பன்னிரண்டு பர்சன்ட்தாங்க, பிளாட்” என்று சொல்லும்போது கேட்பவர் மனம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று கணக்குப் போடுகிறது. ஒரு லட்சம் கடன், பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 12,000. மாதம் 9,333 ரூபாய் கட்ட வேண்டும். மாதாமாதம் அசலில் ஒரு பகுதி திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் போடப்படுகிறது. கையில் உண்மையில் இருந்த பணத்துக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 21.5 விழுக்காடு. ரெண்டு வட்டிக்காரருக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டார்கள், பாதி விலை சொல்லிக்கொண்டே.

இது ரிசர்வ் வங்கிக்கும் தெரியும். 2024 ஏப்ரலில் அது விட்ட சுற்றறிக்கைப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாள் தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை விழுக்காடு ஆகிறது என்பது அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். விளக்கிச் சொன்னோம், அவர் புரிந்துகொண்டார் என்று ஒப்புதலும் வாங்க வேண்டும்.

அந்த ஒப்புதலுக்குப் பேனாவை எடுப்பதற்கு முன், வந்தவரிடம் ஒன்றைக் கேட்கலாம்: ஆறு தவணை கட்டி முடித்த பிறகு என் அசலில் பாக்கி எவ்வளவு, ஏழாம் மாதம் எந்தத் தொகைக்கு வட்டி போடுவீர்கள்? பாக்கி ஐம்பதாயிரம், வட்டி ஒரு லட்சத்துக்கு என்று பதில் வந்தால், பேனாவை மூடிவிடலாம்.